தைமி பெயரில் ஒரு கலைமான்

புளூபெர்ரி ஜாம் கொதிக்கிற வாசனை வந்தால் போதும், ஒலாவி கங்காஸுக்கு வேட்டை ஞாபகம் வந்துவிடும். மான் வேட்டை தொடங்குவது நவம்பர் பதினைந்தில். ஆகஸ்ட் வெயில் இன்னும் முற்றத்தில் படுத்துக் கிடக்கும். அதெல்லாம் அவனுக்கு ஒரு கணக்கே இல்லை. படுக்கையறை அலமாரியிலிருந்து துப்பாக்கியை எடுத்து வருவான். உள்ளே தோட்டா இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்ப்பான். சமையலறை மேசையில் முழங்கையை ஊன்றி, ஜன்னலுக்கு வெளியே விறகுக் கொட்டகைக் கதவில் இருக்கும் ஆணித்தலையைக் குறிபார்த்து விசையை அமுக்குவான். டிக். தோட்டா ஏற்றுகிற போல்ட்டைத் திறந்து மூடி, மறுபடி டிக்.

தைமிக்கு அந்தச் சத்தம் ஆகாது. "மரங்கொத்தியைக் கட்டிக்கிட்டு வந்துட்டேன்" என்று கல்யாணமான புதிதில் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். அப்புறம் அதுவும் மழைச் சத்தம், விறகு வெடிக்கிற சத்தம் போல வீட்டுச் சத்தங்களில் ஒன்றாகிவிட்டது.

அந்த வருஷம் அவள் ஜாமைக் கிண்டிக்கொண்டே காத்திருந்தாள். டிக் வரவில்லை.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றாள் திரும்பாமல்.

"போல்ட் பிடிக்குது. எண்ணெய் போடணும்."

திரும்பிப் பார்த்தாள். போல்ட் ஒழுங்காக மூடித்தான் இருந்தது. அவனுடைய ஆள்காட்டி விரல் விசையின் மேல் கிடந்தது. மணிக்கட்டு நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்து, பள்ளத்தில் விழுந்த மரத்தைத் தனியாளாகத் தூக்குகிறவன் மாதிரி இருந்தான். விசை இருந்த இடத்திலேயே இருந்தது. தைமி சட்டென்று ஜாம் பக்கம் திரும்பிக்கொண்டாள். தான் பார்த்தது அவனுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தாள். அடிப்பிடித்த வாசனை வந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஒலாவி மரம் வெட்டுகிறவன். மிச்சிகனின் வடக்குத் தீபகற்பத்தில், பெரிய ஏரிக்காற்று வந்து மோதுகிற எங்கள் பக்கத்தில், ஆண்பிள்ளை என்று பிறந்தவனுக்குச் சுரங்கம், இல்லாவிட்டால் காடு. சுரங்கங்கள் மூடிவிட்டன, காடு மிச்சமிருந்தது. சங்கிலி ரம்பம் அவன் கையில் குழந்தை மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்தக் கையிலிருந்துதான் வசந்தத்தில் ஒருநாள் ரம்பம் நழுவி விழுந்தது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. குளிர் ஏறியிருக்கும் என்று சௌனாவில் உட்கார்ந்து நீராவி பிடித்துப் பார்த்தான். பின்லாந்து வழி வந்த எங்கள் ஆட்களுக்குச் சௌனாவில் தீராத நோய் சாவு மட்டும்தான் என்று ஒரு பேச்சு உண்டு. இது தீரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் நல்ல மனுஷன். தசைகளுக்குச் செய்தி கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, வலது கையில் தொடங்கியது இடது கைக்கும் காலுக்கும் போகும், கடைசியில் தொண்டைக்கும் மூச்சுக்கும் வரும், மருந்து இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

"நவம்பர் வரைக்கும் கை தாங்குமா?" என்று கேட்டான் ஒலாவி.

டாக்டர் தெற்கத்திக்காரர். நவம்பரில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. தைமிக்குப் புரிந்தது. ஐம்பத்தெட்டு வயது மனுஷன் தன் மிச்ச ஆயுளைக் கேட்காமல் ஒரு மானைக் கேட்கிறானே என்று அவளுக்குக் கோபம் வந்தது. கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு வருவதற்குள் அந்தக் கோபம் அழுகையாகிவிட்டது.

ஜாம் தீய்ந்த அன்று சாயங்காலமே அவள் ஆர்மண்ட் லகோமைக் கூப்பிட்டுவிட்டாள். அவன் பள்ளிக்கூடத்தில் இவர்களோடு படித்தவன். ஊரில் யார் துப்பாக்கி கெட்டாலும் அவன்தான் பார்ப்பான். தொழிற்சாலையிலிருந்து வருகிற விசைகள் கனமாக இருக்கின்றன, அமுக்கும்போது இழுபடுகின்றன, குறி தப்புகிறது என்று பாதி ஊருக்கு அவற்றைக் கழற்றிவிட்டு நல்ல விசையாக மாட்டிக் கொடுத்தவன். மாட்டிக்கொள்ளாமல் வீம்பு பிடித்த மீதி ஊருக்கு ஒலாவிதான் தலைவன்.

ஆர்மண்ட் மேசை விரிப்பின் மேல் சாமான்களைப் பரப்பினான். தைமி காப்பி ஊற்றி, ஏலக்காய் ரொட்டியை நறுக்கி வைத்தாள்.

"டேய் ஒலாவி, உன் வாயாலேயே சொல்லு. நான் காதால கேக்கணும்."

"என்னத்தச் சொல்ல?"

"இருபது வருஷமா என்னை என்ன சொன்னே? லேசான ட்ரிக்கர் வெச்சவன் பொண்டாட்டி மடியில உக்காந்து சுடறவன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"ட்ரிக்கர் கனமா இருந்தாத்தான் மனுஷன் இன்னொரு தடவை யோசிப்பான்னியா இல்லியா?"

"சொன்னேன்டா. இப்பவும் அதான் சொல்றேன்."

"அப்ப நான் எதுக்கு வந்தேன்? ரொட்டி திங்கவா?"

"என் பொண்டாட்டி மடி காலியாத்தான் இருக்கு. கழட்டுடா" என்றான் ஒலாவி.

ஆர்மண்ட் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. நண்பனின் வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த சதை வற்றிப் பள்ளமாகியிருந்ததை அப்போதுதான் கவனித்தான். அதற்கப்புறம் அவன் கேலி பேசவில்லை, வேலையைப் பார்த்தான்.

முதலில் ட்ரவுட் மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசின் கொக்கியை விசையில் மாட்டி இழுத்தான். முள் ஏழு பவுண்டைத் தாண்டிய பிறகுதான் டிக் என்றது. "சரளைக்கல்லு மேல சறுக்குவண்டியை இழுக்கற மாதிரி இருக்கு. இதை வெச்சா இத்தனை மான் அடிச்சே?" என்று தலையை ஆட்டினான். திருகுகளைக் கழற்றி மரக்கட்டையையும் இரும்பையும் பிரித்தான். ஊசிகளைத் தட்டி வெளியே எடுத்தான். பழைய விசை ஒரு சின்ன எண்ணெய்ப் பிசுக்கு உருண்டையாக மேசையில் விழுந்தது. புதியது அதைவிடச் சின்னது, பளபளப்பானது. பக்கத்தில் குட்டித் திருகு ஒன்று. அதைத் திருப்பினால் கனம் ஏறும், இறங்கும்.

மாட்டி முடித்ததும் போல்ட்டை மூடி, துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து, கட்டையின் அடியைத் தரையில் பொத்தென்று மோதினான். ஒன்றும் நடக்கவில்லை.

"எதுக்கு இப்படி மோதறே? தரை என்னாகறது?" என்றாள் தைமி.

"தட்டுனா ட்ரிக்கர் தானா விழக்கூடாது, தைமி. விழுந்துச்சுன்னா அது ஆபத்து. காட்டுல தடுக்கி விழுந்தான்னா, பக்கத்துல நிக்கறவன் போய்ச் சேருவான்."

மூன்று பவுண்டில் வைத்து ஒலாவியிடம் நீட்டினான். ஒலாவி முழங்கையை ஊன்றி ஆணித்தலையைக் குறிபார்த்தான்.

டிக்.

அந்தச் சத்தத்துக்காகத் தைமி கடவுளுக்கு நன்றி சொல்லுவாள் என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பாள். ஒலாவி மறுபடி அமுக்கினான். மறுபடி. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "அடப்பாவி, இவ்வளவு சுகமாவா இருக்கும்? ஏன்டா முன்னாடியே சொல்லல?" என்றான். ஆர்மண்ட் கையிலிருந்த திருப்புளியை அவன் மேல் எறிகிற மாதிரி ஓங்கினான். அன்று மூன்று பேரும் அவ்வளவு காப்பி குடித்தார்கள். அந்த வீட்டில் அந்த வருஷத்து நல்லபொழுது அவ்வளவுதான்.

ஆர்மண்டை வழியனுப்ப வண்டிவரைக்கும் போனாள் தைமி.

"தோட்டாவெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?" என்று அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்.

"ஏன்?"

"சும்மாதான்."

"நீ எதைக் கேக்கறேன்னு தெரியுது. அவன் அதுக்காக இதை மாட்டச் சொல்லல, ஆர்மண்ட். அவனுக்கு ஒரு மான் வேணும். அவ்ளோதான்."

அப்படிச் சொல்லிவிட்டாலும், உள்ளே போனதும் தோட்டாப் பெட்டியை எடுத்து மாவு டின்னுக்குள் புதைத்தாள்.

செப்டம்பரில் உருளைக்கிழங்கு தோண்டினார்கள். தைமி தோண்டினாள், ஒலாவி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு குறை சொன்னான். மேப்பிள் மரங்கள் சிவந்து, பழுத்து, ஒரே காற்றில் மொட்டையாயின. ஒலாவியின் ஆள்காட்டி விரல் அசைவற்றுப் போய்விட்டது. நடுவிரலால் அமுக்கப் பழகினான். இடது கையால் முயன்று பார்த்தான், ஆனால் இடது தோள் துப்பாக்கியின் கனத்தைத் தாங்கவில்லை. ஆர்மண்ட் வந்து குட்டித் திருகைக் கால் சுற்று திருப்பினான். டிக் வந்தது. இரண்டு வாரம் கழித்து டிக் நின்றது. மறுபடி வந்து திருப்பினான். விசை இறங்க இறங்க, விரல் அதற்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

அக்டோபரில் ஒருநாள் ஒலாவியின் தம்பி வைனோ வந்தான். அவன் வாயில் எதுவும் நிற்காது. பின்லாந்துக்காரர்கள் பேசமாட்டார்கள் என்ற பெயரை ஊரில் தனியாளாகக் கெடுத்துக்கொண்டிருப்பவன். தைமி சுட்டிருந்த பாஸ்டி என்ற இறைச்சி ரொட்டியைப் பிய்த்து, உள்ளே இருந்த இறைச்சியை ஊதித் தின்றுகொண்டே சொன்னான்:

"எதுக்குடா இந்த வீண் பாடு? நீ பாட்டுக்கு மறைப்புல உக்காந்து காப்பி குடி. நான் ரெண்டு அடிக்கறேன். ஒண்ணுல உன் சீட்டைக் கட்டிடுவோம். யாருக்குத் தெரியப்போகுது?"

ஒலாவியின் முகம் மாறியது. "நான் என்ன பொம்பளையாடா?"

அடுப்படியிலிருந்த தைமி திரும்பினாள்.

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு லைசென்ஸுக்கு ஒரு கலைமான், லைசென்ஸோடு வருகிற சீட்டை, மானை அடித்தவன் அங்கேயே அதன் கொம்பில் கட்ட வேண்டும் என்பது சட்டம். எங்கள் பக்கத்தில் ஆண்கள் எல்லாரும் பெண்டாட்டி பெயரிலும் ஒரு லைசென்ஸ் வாங்கிவிடுவார்கள். வீட்டுக்கு இரண்டு மான் வேண்டாமா? குளிர்காலம் நீளம். பெண்பிள்ளை வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருப்பாள். காட்டில் அவள் பெயரில் மான் விழும். தைமி பெயரில் வருஷா வருஷம் விழுந்தது. ஊர்க் கம்பத்தில் மான்களை வரிசையாகத் தொங்கவிடுகிற அன்று, அவள் சீட்டைப் பார்த்து, "இந்த வருஷமும் தைமிதான்யா பெரிய வேட்டைக்காரி!" என்று கூட்டம் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். அது எல்லாருக்கும் தெரிந்த பொய். எல்லாருக்கும் தெரிந்தால் அது பொய்யில்லை என்று ஊர் வைத்திருந்தது.

"பொம்பளைன்னா என்ன ஒலாவி?" என்றாள் தைமி. "என் சீட்டை நீ கட்டலாம், உன் சீட்டை அவன் கட்டக்கூடாதா?"

"அது வேற."

"எப்படி வேற?"

"நீ சுட முடியாததால அதை நான் கட்டல. உனக்குச் சுட வேணாம். எனக்கு வேணும்." அவன் நடுவிரலைத் தூக்கிக் காட்டப் பார்த்தான். பாதிதான் எழும்பியது. "இது செத்துப்போச்சுன்னு ஊரே கம்பத்துல தொங்கவிட்டுப் பாக்கணுமா?"

வைனோ பாஸ்டியைக் கீழே வைத்தான்.

கடைசியாக ஆர்மண்ட் வந்தபோது வெளியே முதல் பனி விழுந்திருந்தது. குட்டித் திருகை இன்னும் கொஞ்சம் தளர்த்தி, கட்டையைத் தரையில் மோதினான். டிக் என்று தானாக விழுந்தது. அவன் திருகைக் கொஞ்சம் ஏற்றி மோதினான். விழுந்தது. இன்னும் ஏற்றினான். மூன்றாவது முறை நின்றது.

"இவ்ளோதான்டா" என்றான். "இதுக்குக் கீழ போனா இது ட்ரிக்கர் இல்ல, எலிப்பொறி."

"இன்னும் ஒரு மயிரிழை?"

"ஒலாவி, உன்னோட யாரு உக்காரப்போறா? தைமி. அவ தலைக்குப் பக்கத்துல எலிப்பொறி வெக்கச் சொல்றியா?"

தைமி சூடான காப்பிக் கோப்பையை அவன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் கோப்பையை எடுத்ததும், ஒலாவி நடுவிரலை விசையில் வைத்தான். பல்லைக் கடித்தான்.

டிக்.

"அமுங்குது பாத்தியா!" என்றான் ஆர்மண்ட். "அமுங்குதுடா! பதினைஞ்சாம் தேதி வரைக்கும் இந்தக் கையை அப்படியே பத்திரமா வெச்சுக்கோ."

மூன்று பேரும் அந்தக் காட்டில் பிறந்தவர்கள். ஏரி உறைகிற சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டவர்கள். ஆனாலும் குளிரில் அந்த விரல் இன்னும் விறைத்துப்போகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. விறகு அடுப்பு எரிகிற சமையலறையில், காப்பிச் சூட்டில் வெதுவெதுப்பாக்கிய கையை வைத்தல்லவா விசையைச் சரிபார்த்தார்கள்? மான் சமையலறைக்கா வரும்?

பதினைந்தாம் தேதி பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, மர ஆலைக்கு விடுமுறை, பாதிரியாருக்கே விடுமுறை. விடிவதற்கு முன்னால் தைமி அவனுக்குக் கம்பளி உள்சட்டை, மேல்சட்டை, ஆரஞ்சு நிற மேலங்கி எல்லாம் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள். அவள் சட்டைப்பையில் அவனுடைய சீட்டு இருந்தது. வழக்கம்போல வாங்கியிருந்த அவளுடைய சீட்டும் இருந்தது. வைனோ பனிச்சறுக்குவண்டியில் அண்ணனை உட்காரவைத்து மறைப்பு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். மறைப்பு என்றால் மான் கண்ணில் படாமல் பதுங்கி உட்கார நான்கு பலகையும் ஒரு தகரமும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று ஒலாவி தன் அப்பா காலத்து இடத்திலேயே கட்டியது. அதற்குள் தைமி நுழைவது அதுதான் முதல் தடவை. துப்பாக்கியின் முன்கட்டையை ஜன்னல் பலகைமேல் சாய்த்து வைத்துவிட்டு, வைனோ தன் இடத்துக்கு, ஓடைக்கு அந்தப்பக்கம் போய்விட்டான்.

வெளிச்சம் வந்தது. குளிரும் வந்தது. விடிகிற நேரத்துக் குளிர் ராத்திரிக் குளிரைவிடக் கொடுமை. ஸ்புரூஸ் மரங்கள் பனிக்கனத்தில் கிளை தாழ்த்தி நின்றன. தூரத்தில் எங்கெங்கோ வெடிச் சத்தம் கேட்டது; யாரோ அடித்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் ஒலாவி கையுறையைக் கழற்றச் சொன்னான். கழற்றினாள். அவள் போல்ட்டை மூடிவிட, தோட்டா இல்லாமலே அவன் ஒருமுறை அமுக்கிப் பார்த்தான்.

சத்தம் வரவில்லை.

மறுபடி. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி. தைமி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"அடுப்பு" என்றான் ஒலாவி.

"ஆமா."

"அடுப்புக்குப் பக்கத்துல வெச்சு… மூணு கிழட்டு முட்டாளுங்க."

"மெதுவாப் பேசு. மான் ஓடிடும்."

"எந்த மான்?" என்று சொல்லிவிட்டு அவன் தலையைப் பலகையில் சாய்த்துக்கொண்டான்.

தைமி தன் மேலங்கியைத் திறந்தாள். கம்பளியைத் தூக்கி, அவனுடைய கையை எடுத்துத் தன் வெறும் வயிற்றின் மேல் வைத்து அணைத்துக்கொண்டாள். பனிக்கட்டி வைத்தது போலிருந்தது. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி" என்றான் அவன். "முன்னெல்லாம் இதுக்காகவே காட்டுக்கு வருவோம், ஞாபகம் இருக்கா?"

"அப்ப உன் கை சூடா இருந்துச்சு."

"உன் வயிறு இப்பவும் சூடாத்தான் இருக்கு."

அவள் சிரித்தாள். அழுதாள். இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. அப்படியே எவ்வளவோ நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மாவு டின்னிலிருந்து எடுத்து வந்திருந்த தோட்டாவை ஏற்றி, பாதுகாப்புப் பூட்டைப் போட்டு வைத்தாள். மான் வந்தால் கையை எடுத்தவுடன் அமுக்க வேண்டும், சூடு ஆறுவதற்குள் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

மான் வந்தது. வராமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் தைமி பலமுறை நினைத்துக்கொண்டாள். ஓடைப் பக்கமிருந்து ஒரு பெண்மான் வந்தது. அதன் பின்னால் மூக்கைத் தரையில் உரசிக்கொண்டு கிளைக் கொம்புக் கலைமான். அது எதையும் பார்க்கிற நிலையில் இல்லை. திறந்த வெளியில், பக்கவாட்டில், கல்லெறி தூரத்தில் வந்து நின்றது.

அவள் கையை வெளியே எடுத்து விசையில் வைத்தாள். பூட்டை விலக்கினாள். அவன் கன்னத்தைக் கட்டையில் பதித்துக் குறிபார்த்தான். குறி அசையவில்லை, அதில் ஒரு குறையும் இல்லை. அவன் கண்ணும் மூச்சும் அப்படியே இருந்தன. நடுவிரல் விசையின் மேல் இருந்தது. அவன் தோள் இறுகுவதைப் பார்த்தாள், தாடை இறுகுவதைப் பார்த்தாள். விரல் மட்டும் யாரோ மறந்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது.

"தைமி" என்றான், உதடு அசையாமல். "உன் விரலை என் விரல் மேல வை."

வைத்தாள்.

"நான் சொல்றப்ப."

அவள் காத்திருந்தாள். மான் தலையைத் தூக்கியது.

"இப்ப."

அவனும் கொஞ்சம் அமுக்குவான், இரண்டு பேருமாகச் சேர்ந்து என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவள் விரலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அமுக்கினாள். வெடித்தது. பெண்மான் வாலைத் தூக்கிக்கொண்டு பறந்தது. கலைமான் இரண்டு எட்டு வைத்து, முன்னங்கால் மடங்கி, பனியில் சாய்ந்தது.

சத்தம் கேட்டு வைனோ ஓடிவந்தான். மானைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தான். "அடிச்சுட்டியேடா! அடிச்சே புட்டியேடா!" என்று கத்திக்கொண்டு அண்ணனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். "சீட்டை எடு தைமி! இவன் சீட்டை எடு, கொம்புல கட்டணும்!"

"அவ சீட்டைக் கட்டு" என்றான் ஒலாவி.

"என்ன?"

"தைமி சீட்டைக் கட்டு. அவதான் சுட்டா."

வைனோ ஒரு நிமிஷம் வாயைத் திறந்துகொண்டு நின்றான். அப்புறம் தொடையில் தட்டிச் சிரித்தான். "இந்த வருஷமுமா? அடேய், கை இப்படி இருக்கறப்பவும் முதல்ல பொண்டாட்டி சீட்டைத்தான் ரொப்புவியா? உன் சீட்டுக்கு அடுத்த மானா? நீ மனுஷனே இல்லடா!"

"வைனோ, நிஜமாத்தான் சொல்றான்" என்றாள் தைமி. "நான்தான் சுட்டேன்."

"சரி சரி. வேட்டை அதிகாரி வந்து கேட்டாலும் இதையே சொல்லு. நீ முப்பது வருஷமாச் சுடறவதானே!"

ஊரில் கம்பத்தடியில் கூட்டம். பெட்ரோல் பங்க் பக்கத்தில் இரண்டு மரத்தின் நடுவே நீளக் கட்டையைக் கட்டி, ஏற்கெனவே ஆறேழு மான்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு அண்டாவில் காப்பி கொதித்தது. அவர்கள் போவதற்கு முன்னாலேயே வைனோவின் வாய் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. மானைத் தூக்கிக் கட்டினார்கள். யாரோ சீட்டைப் படித்தான்: "தைமி கங்காஸ்!" எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் இந்த முறை அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆண்கள் வரிசையாக வந்து ஒலாவியின் வலது கையை எடுத்துக் குலுக்கினார்கள். அந்தக் கை ஒவ்வொருவர் கையிலும் போய்விட்டுத் திரும்பி வந்து தொங்கியது.

"நான் சுடல" என்றான் ஒலாவி முதல் ஆளிடம். "அவ சுட்டா."

"தெரியுமே, தைமியை மிஞ்ச ஆளுண்டா!" என்று கண்ணடித்தான் அவன்.

இரண்டாவது ஆளிடமும் சொன்னான். மூன்றாவது ஆளிடமும். ஒருவரும் நம்பவில்லை. சொல்லச் சொல்ல அவன் பெருமை ஏறிக்கொண்டேயிருந்தது. தைமி, "கேளுங்கய்யா, இவன் பொய் சொல்லல" என்று கத்த நினைத்தாள். கத்தினாலும் சிரிப்பார்கள். முப்பது வருஷமாக அவளும் சேர்ந்து சிரித்தவள்தானே!

ஆர்மண்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் முகம் ஜொலித்தது.

"சொல்லுடா. ட்ரிக்கர் எப்படி? வேலை செஞ்சுதா இல்லியா?"

ஒலாவி அவனுடைய ஜொலிக்கிற முகத்தைப் பார்த்தான்.

"நல்லா வேலை செஞ்சுதுடா" என்றான். "ரொம்ப லேசு. தொட்டாப் போதும்."

ஆர்மண்ட் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான்.

திரும்பும்போது தைமி வண்டியை ஓட்டினாள். ஹீட்டர் சூடு ஏறியதும் அவன் கை மடியில் லேசாகத் துடித்தது. அந்தத் துடிப்பு நோயின் துடிப்பு, பலத்தின் துடிப்பு அல்ல என்று இருவருக்கும் தெரியும். வண்டி ரயில்பாதையைத் தாண்டியது.

"நீயும் அமுக்குனே" என்றாள் அவள். "என் விரலுக்குத் தெரிஞ்சுது. ரெண்டு பேருமாத்தான் சுட்டோம்."

"தைமி."

"நிஜமா. நீ பாதி, நான் பாதி."

"இந்த நோயில பலம் மட்டும்தான் போகும். தொடு உணர்ச்சி கடைசிவரைக்கும் இருக்கும்னு டாக்டர் சொன்னாரு, நீதான் பக்கத்துல உக்காந்து கேட்டே" என்றான் அவன், கோபமே இல்லாமல். "உன் விரல் ரேகை வரைக்கும் எனக்குத் தெரிஞ்சுது. நான் பாதிகூட இல்ல, தைமி. உன் விரலுக்கும் ட்ரிக்கருக்கும் நடுவுல கிடந்தேன். அவ்ளோதான்."

பனி விழத் தொடங்கியிருந்தது. வீடு வந்ததும் இறங்கி அந்தப்பக்கம் போய், அவனுக்காகக் கதவைத் திறந்துவிட்டாள்.